கார் ஷெட்டில் காதல்

நஞ்சுண்டசாமி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். உலகத்தில் காதல் இருக்கட்டும். அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது தன் வீட்டுக் கார் ஷெட்டில் இருக்கக்கூடாது.

இந்த முடிவை எடுத்தபோது அவர் அந்தக் கார் ஷெட்டுக்குள்தான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மத்தியான வேளை. மைசூர் விஜயநகரில் பென்ஷன் வாங்குகிற ஜனம் பூராவும் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் நேரம். இவர் மட்டும் நாலு பக்கமும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற ஜோடிகளுக்கு நடுவில் தனியாளாக உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். எதிர் அலமாரியில், ஒரு புத்தக அட்டையில், எஸ்டேட் முதலாளி ஒருத்தன் ஒரு நர்ஸின் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து பார்க்கிறான். அவனுக்குக் கழுத்து வலிக்கவில்லை. இவருக்கு வலித்தது.

மின்சார ஆபீஸில் வேலை பார்த்த காலம் முழுவதும் நஞ்சுண்டசாமிக்கு ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது. படுத்திருப்பது. ஊரெல்லாம் கரண்ட் போனால் அவர் போனில் திட்டு வாங்குவார். கரண்ட் வந்தால் பில் வருகிறது என்று திட்டு வாங்குவார். ரிட்டயர் ஆகும் நாளன்று மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தவர், மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனார். ரிட்டயர்டு என்றால் மறுபடியும் டயர்டு என்று அர்த்தம் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அவர் மனைவி ஜோதிமணி கணக்கு டீச்சர். அவளும் அதே வருஷம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாள். ஆனால் அவர் பெற்றது ஓய்வு. அவள் பெற்றது உற்சாகம். இத்தனை வருஷம் பரீட்சைப் பேப்பர் கட்டுக்குள் ஒளித்து ஒளித்துக் காதல் நாவல் படித்தவள், இனிமேல் ஒளிக்க வேண்டியதில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள்.

ஒருநாள் காலை நஞ்சுண்டசாமி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நம்ம கார் ஷெட்டுல ஒரு புஸ்தகக் கடை போடலாமுங்களா?"

"ம்."

"காதல் நாவல் மட்டும். தமிழு, கன்னடம், இங்கிலீசு மூணும்."

"ம்."

"அப்பக் காரைத் தெருவுல நிறுத்திக்குவீங்களா?"

"ம்."

இந்த 'ம்' அவருடைய தாய்மொழி. கொள்ளேகாலில் பிறந்து, கோபிநத்தம் வரை வேலை பார்த்து, தமிழும் கன்னடமும் சரளமாகத் தெரிந்த மனுஷர், வீட்டுக்குள் பேசியது இந்த ஓர் எழுத்தை மட்டும்தான். அந்த எழுத்தின் பலனாக மறுவாரமே ஒரு தச்சர் வந்தார். அலமாரி வந்தது. கார் வெளியே போய்ப் புங்கமரத்தடியில் நின்றது. விஜயநகரத்துக் காக்கைகளுக்கு அது ரொம்பச் சௌகரியமாக இருந்தது.

கடைக்கு ஜோதிமணி வைத்த பெயர் 'ஹிருதயா'. பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பெரிய இருதயம். கடை திறந்த முதல் வாரம் ஒரு பெரியவர் வெறும் வயிற்றோடு, கையில் எக்ஸ்ரே கவரோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டார். இங்கே டாக்டர் இல்லை, காதல் கதைதான் இருக்கிறது என்று சொன்னதும், "அதுவும் மார்வலிதானே" என்று எழுந்து போனார். நஞ்சுண்டசாமிக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது. அவராவது இன்னொரு இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

"எப்பவாச்சும் மத்தியானத்துல மட்டும் நீங்க ஒரு கண்ணு பாத்துக்கோங்க. நான் புதுப் புஸ்தகம் எடுக்கப் போயிட்டு வந்தர்றேன்" என்றாள் ஜோதிமணி.

அந்த 'எப்பவாச்சும்' சீக்கிரமே ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது.

அவள் அலமாரிகளைப் பாடத்திட்டம் மாதிரிப் பிரித்து வைத்திருந்தாள். ஆபீஸ் காதல். பகையில் ஆரம்பிக்கும் காதல். கல்யாணத்துக்கு முன் காதல். கடைசியாக மூலையில், ஆளை மறைக்கிற உயரத்தில், ஒரு பெரிய அலமாரி.

"இது என்ன புள்ள? 'கல்யாணத்துக்குப் பின் காதல்'னு எழுதியிருக்கற? இது எந்த ஊர்ல நடக்குது?"

"கதைதானுங்களே" என்றாள் ஜோதிமணி.

ஆக, கடையை மூட வேண்டும். ஆனால் மூடச் சொல்ல முடியாது. ஜோதிமணி முன்னால் நின்று 'மூடு' என்று சொல்கிற தைரியம் அவருக்கு இருந்திருந்தால் அவர் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும். கடை தானாகப் படுக்க வேண்டும். கடை படுத்தால்தான் அவர் படுக்க முடியும்.

யோசனை கேட்கக் காம்பவுண்டுச் சுவரோரம் போனார். பக்கத்து வீட்டு பசவராஜ் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசுகிற தமிழ் கன்னடத்தில் ஊறிப்போன தமிழ்.

"ஏன் ஸ்வாமி, முகம் ஏன் இப்படி வாடிஹோய்த்து?"

"தூக்கம் போயிருச்சு பசவராஜ். கடையில ஜனம் வராம இருக்க ஏதாச்சும் வழி சொல்லுங்க."

பசவராஜ் பைப்பை மூடினார். இந்த மாதிரி விஷயங்களுக்கு அவர் எப்போதும் தயார். "ரொம்ப சுலபம் ஸ்வாமி. கஸ்டமர் புஸ்தகம் எடுத்த உடனே கடைசியில என்ன ஆகுதுன்னு சொல்லிடுங்க. சஸ்பென்ஸ் ஹோய்த்து. வியாபாரமும் ஹோய்த்து."

நஞ்சுண்டசாமிக்குக் கண் கலங்கியது. இவ்வளவு அருமையான மூளையை ஒரு பேங்க் இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்ததே!

மறுநாள் மத்தியானம் எல்லாப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துத் தயாராக உட்கார்ந்தார். அடுத்த தெருவிலிருந்து சித்தம்மா வந்தாள். பேரன் பேத்தி எடுத்தவள். அந்த எஸ்டேட் முதலாளி புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

"அம்மா, அதுல கடைசியில அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிரும்" என்றார் இவர் கன்னடத்தில்.

சித்தம்மா திரும்பினாள். "நிஜமாவா?"

"கடைசிப் பக்கத்துல தாலி கட்டறான். நானே பாத்தேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பாடா!" சித்தம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "வேற கடையில ஒண்ணு வாங்கினேன். கடைசியில அந்தப் பொண்ணு செத்தே போயிட்டா. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கல. நீங்க முன்னாடியே பாத்துச் சொல்லிடறீங்க பாருங்க, இதுதான் நல்ல வியாபாரம். இதே மாதிரி தாலி கட்டறது இன்னும் நாலு எடுத்துக் கொடுங்க."

அந்த வாரம் முழுக்க விஜயநகரம் பூராவும் ஒரே பேச்சு. ஹிருதயாவில் கியாரண்டியோடு புத்தகம் கிடைக்கிறது. அங்கே ஓர் அங்கிள் எல்லாவற்றையும் தானே பரிசோதித்துத்தான் கொடுக்கிறார். கூட்டம் வாசலுக்கு வெளியே, காக்கை அசிங்கம் பண்ணிய கார் வரைக்கும் நின்றது.

"ஸ்வாமி, நான் சொன்னது மர்டர் கதைக்கு" என்றார் பசவராஜ் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஆமா, அந்த எஸ்டேட்காரன் நிஜமாவே தாலி கட்டறானா?"

இனி யாரையும் நம்பிப் பயனில்லை. நஞ்சுண்டசாமி தானே யோசித்தார். கதையின் முடிவைச் சொன்னால் ஜனங்களுக்குப் பிடிக்கிறது. காரணம், கதை கல்யாணத்தோடு நின்றுவிடுகிறது. அப்படியானால் நாம் அதற்கு அடுத்த பக்கத்தைச் சொல்லுவோம். அந்தப் பக்கம் புத்தகத்தில் இல்லை. இவரிடம் இருந்தது. தலைகாணி உயரத்துக்கு இருந்தது.

இந்தத் திட்டத்தையும் அவரால் பசவராஜிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திட்டம் போடுகிற ஆண்பிள்ளைக்கு அதை இன்னொரு ஆண்பிள்ளையிடம் சொல்லாவிட்டால் வயிறு உப்பிவிடும்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் ஒரு பெண் வந்தாள். ஜீன்ஸ், குர்தா, தோளில் லேப்டாப் பை. பெயர் வைஷாலி என்றாள். தமிழ் பேசினாள், நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை கன்னடம்.

"அங்கிள், எனக்கு மதுவே ஃபிக்ஸ் ஆயிருக்கு. பையன் பேரு தருண்குமார். கல்யாணத்துக்கு முன்னாடி நிறைய லவ் ஸ்டோரி படிச்சு ரெடியா இருக்கணும். ஒள்ளே புக்கா, நல்லதாப் பாத்துக் கொடுங்க அங்கிள்."

நஞ்சுண்டசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு நல்ல சந்தர்ப்பத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

"உக்காரு கண்ணு. இந்த அட்டையப் பாரு. அவன் அவ கண்ணுக்குள்ள பாக்கறானா?"

"ஆமா அங்கிள். ஸோ க்யூட்."

"கல்யாணம் ஆன மறு வருசமும் பாப்பான். எதுக்கு? கண்ணுல தூசி விழுந்துருச்சு, ஊதுங்கம்பா. அதுக்கு."

வைஷாலி சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டாள்.

"இங்க பாரு, ரெண்டு பேரும் மழையில நனையறாங்க. நெசத்துல மழை வந்தா வீட்ல என்ன பேச்சு தெரியுமா? மாடியில துணி கெடக்குது, ஓடுங்க! அவ்வளவுதான். இதுல நிலாவைப் பாத்துப் பேசிக்கறாங்க. நாங்களும் அண்ணாந்து பாத்துப் பேசியிருக்கறோம். ஃபேன் தொடைக்கறதப் பத்தி."

"அய்யோ."

"இவன் அவள 'உயிரே'ங்கறான். என் சம்சாரம் என்னைய எப்பிடிக் கூப்பிடறா? 'ஏனுங்க'. பிரிச்சுப் பாரு. 'ஏன்'ங்கறது கேள்வி. 'உங்க'ங்கறது மரியாதை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து மரியாதையாக் கேள்வி கேட்டுட்டு இருக்கறா. எதுக்கும் எங்கிட்டப் பதில் இல்ல."

வைஷாலி புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக அதை அலமாரியில் திருப்பி வைத்தாள். "யோசிக்கணும் அங்கிள்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனாள்.

நஞ்சுண்டசாமி ஸ்டூலிலேயே சாய்ந்து தூங்கினார். கடை திறந்ததிலிருந்து அவர் தூங்கிய முதல் நல்ல தூக்கம் அது.

சாயங்காலம் ஜோதிமணி கடுகு தாளித்துக்கொண்டே கேட்டாள். "இன்னைக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"ஒரு புள்ள வந்துச்சு. பாத்துட்டு, வேண்டாம்னு வெச்சுட்டுப் போயிருச்சு. வியாபாரம் டல்லுதான் போ."

"அப்பிடீங்களா" என்றாள் ஜோதிமணி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கணக்கு டீச்சர் முகத்தில் என்றைக்கு விடை தெரிந்திருக்கிறது?

வைஷாலி மறுபடியும் வந்தாள். புத்தகம் எடுக்கவில்லை. நேராக ஸ்டூலுக்கு எதிரில் உட்கார்ந்து, "அப்புறம் அங்கிள்?" என்றாள். அவர் அப்புறத்தைச் சொன்னார். தொலைந்துபோன ரிமோட் பற்றிச் சொன்னார். ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் காலை நேரம் எப்படியிருக்கும் என்று சொன்னார். மனைவியின் தம்பி லீவுக்கு வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்ட கதையைச் சொன்னார். தனக்கு இவ்வளவு பேச வரும் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் செலவழிக்காமல் சேர்த்து வைத்த வார்த்தை எல்லாம் கொட்டியது.

அடுத்த தடவை வைஷாலி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"தேங்க்ஸ் அங்கிள். நல்ல வேளை, என் கண்ணைத் திறந்துட்டீங்க."

"என்ன கண்ணு ஆச்சு?"

"மதுவே பேடான்னு சொல்லிட்டேன். கல்யாணத்தை நிறுத்திட்டேன்."

நஞ்சுண்டசாமி ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். ஒரு கடையை மூடப் பார்த்தவர் ஒரு கல்யாண மண்டபத்தையே மூடிவிட்டார்! "ஐயோ, நான் புஸ்தகம் வாங்க வேண்டாம்னுதான கண்ணு சொன்னேன். கல்யாணம் வேண்டாம்னா சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதானே அங்கிள்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜோதிமணி ரசத்தை ஊற்றிவிட்டு, "ஏனுங்க?" என்றாள். அவர் "ம்" என்றார். என்ன சொல்ல முடியும்? உன் கடையைக் கெடுக்கப் போய் எவன் வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையையோ கெடுத்துவிட்டேன் என்றா? எங்கேயோ ஓர் அப்பன் பந்தல்காரனுக்கு போன் போட்டுக்கொண்டிருப்பான். எங்கேயோ ஓர் அம்மா அழுதுகொண்டிருப்பாள். எல்லாம் ஒரு மத்தியானத் தூக்கத்துக்காக. கட்டிலில் படுத்தார். கட்டில் இருந்தது, தூக்கம் வரவில்லை. இனி எந்த மத்தியானமும் வராது என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் தருண்குமாரே வந்துவிட்டான். நல்ல உயரம், ஜிம்முக்குப் போய் ஏற்றிய தோள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். நஞ்சுண்டசாமி கண்ணை மூடிக்கொண்டார். அடித்தால் எந்தப் பக்கம் விழுவது என்று யோசித்தார். பகையில் ஆரம்பிக்கும் காதல் அலமாரிதான் கிட்டத்தில் இருந்தது.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், அவ்வளவு பெரிய ஆள் எதிர் ஸ்டூலில் குறுகி உட்கார்ந்து கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், மழை வந்தா நானே மாடிக்குப் போய்த் துணி எடுக்கறேன்" என்றான் கன்னடத்தில். "அவளை அனுப்ப மாட்டேன். ஃபேனும் நானே தொடைக்கறேன். ரிமோட் அவகிட்டயே இருக்கட்டும். எப்படியாவது அவகிட்டச் சொல்லுங்க அங்கிள். நீங்க சொன்னாத்தான் கேப்பா."

இதற்கு அடியே தேவலை என்றிருந்தது அவருக்கு. "தம்பி, நாளைக்கு அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வா. நான் பேசறேன்" என்றார். என்ன பேசப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் மத்தியானம் ஜோதிமணி புத்தகம் எடுக்கப் போகிறேன் என்று கிளம்பிப் போனாள். நல்லதாயிற்று என்று நஞ்சுண்டசாமி கடைக் கதவைப் பாதி சாத்தினார். வைஷாலி உட்கார்ந்தாள். தருண்குமார் அவளுக்குப் பின்னால் கைகட்டி நின்றான்.

"கண்ணு, நான் சொன்னதெல்லாம் நெசந்தான். ஆனா பாதிதான் சொன்னேன்."

"மீதி என்ன அங்கிள்?"

மீதியா? மீதியை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கே வைத்திருக்கிறோம் என்றுகூட நினைவில்லை. தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"எனக்குக் குறட்டை உண்டு. சாதாரணக் குறட்டையில்ல. ஹனூர்ல இருந்தப்பப் பக்கத்து வீட்டுக்காரங்க வீடு மாறிப் போயிட்டாங்க. ஆனா என் சம்சாரம் ஒரு நாளும் என்னைய எழுப்பினதில்ல. என்ன பண்ணுவா தெரியுமா? ஃபேன முழு வேகத்துல வெச்சுக்குவா. அந்தச் சத்தத்துல இந்தச் சத்தம் கேக்காதுன்னு. மார்கழிக் குளுருல, மைசூர்ல, ஃபேனுக்கு அடியில மூணு போர்வை போத்திட்டுப் படுத்திருப்பா. நான் தூங்கறாப்பலயே கெடந்து பாத்திருக்கறேன்."

வைஷாலி ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்புறம், ஆபீஸ்ல ஒரு பரீட்சை. பாஸானாத்தான் புரமோசன். நான் ஃபெயிலு. ஊர்ல அத்தன சொந்தக்காரங்களும் கேக்கறாங்க. இவ எல்லார்கிட்டயும், பரீட்சைய ஒத்தி வெச்சுட்டாங்கன்னு சொல்லிப்போட்டா. எனக்கு அவ கணக்குச் சொல்லிக் குடுத்து அடுத்த தடவை பாஸாகற வரைக்கும் ஒத்தி வெச்சாங்க, ஒத்தி வெச்சாங்கன்னே சொல்லிட்டிருந்தா. கவர்மெண்டையே கொறை சொன்னாளே தவிர என்னைய ஒரு வார்த்த சொல்லல."

அவர் குரல் கொஞ்சம் பிசிறியது. இருமிச் சரி பண்ணிக்கொண்டார்.

"இதையெல்லாம் ஆன்ட்டிகிட்ட சொல்லியிருக்கீங்களா அங்கிள்?"

"எதுக்கு? அவளுக்கே தெரியுமே."

"அவங்க செஞ்சது அவங்களுக்குத் தெரியும். நீங்க பாத்தது எப்படித் தெரியும்?"

நஞ்சுண்டசாமி ஸ்டூலில் நெளிந்தார். இந்தப் பெண்ணும் 'ஏனுங்க' ஜாதிதான் போலிருக்கிறது.

"சரி, இதை மட்டும் சொல்லுங்க. மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்னா, ஆன்ட்டியவே கட்டிப்பீங்களா?"

"பின்னே?" என்றார் நஞ்சுண்டசாமி எரிச்சலாக. "வேற எவ என்னையக் கட்டுவா? கட்டினாலும், இவ இல்லாத வீட்ல எனக்குத் தூக்கம் வருமா?"

மூலையில் 'கல்யாணத்துக்குப் பின் காதல்' அலமாரிக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. பெருச்சாளி என்று நினைத்தார். ஜோதிமணி வந்தாள். கையில் தட்டு, தட்டில் நாலு தம்ளர் காபி. அலமாரிக்குப் பின்னால் வீட்டுக்குள் போகிற கதவு ஒன்று இருப்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

"நீ... நீ புஸ்தகம் எடுக்கப் போகலயா?"

"பஸ்ஸு கெடைக்கலீங்க. காபி ஆறிப்போகுது, எடுத்துக்கோங்க" என்றாள். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. மூக்கு மட்டும் லேசாகச் சிவந்திருந்தது.

வைஷாலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி அங்கிள். கல்யாணம் பண்ணிக்கறேன். ஆனா ஒரு கண்டிஷன். நாளைக்கு எங்களுக்குள்ள சண்டை வந்தா நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது? நீங்க தினமும் மத்தியானம் இந்த ஸ்டூல்ல இருக்கணும். கடையும் இருக்கணும். ப்ராமிஸ்?"

தருண்குமார் அந்தப் பெரிய கையை நீட்டினான். நஞ்சுண்டசாமி ஜோதிமணியைப் பார்த்தார். ஜோதிமணி காபியைப் பார்த்தாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை! அவர் கையை வைத்தார். சத்தியம் பண்ணினார். தினமும். மத்தியானம். ஸ்டூலில்.

அன்றிலிருந்து நஞ்சுண்டசாமி வாக்குத் தவறவில்லை. ஊர் சாய்ந்திருக்கும் நேரத்தில் அவர் நிமிர்ந்திருந்தார். சித்தம்மாவுக்குத் தாலி கட்டும் கதையாகப் பொறுக்கிக் கொடுத்தார். கல்யாணம் நிச்சயமான பெண்கள் வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்தே சொன்னார். வாசலில் ஓர் அட்டை தொங்கியது: 'அங்கிள் இருக்கும் நேரம்.' தொங்கவிட்டது ஜோதிமணி. மத்தியானத்தில் புத்தகம் எடுக்கப் போகிற வேலையை அவள் விட்டுவிட்டாள். சாப்பிட்டதும் உள்ளே போய், அவருடைய கட்டிலில், அவருடைய தலைகாணியில் படுத்து நன்றாகத் தூங்கினாள். ஜன்னல் வழியே அவளுடைய குறட்டை கடை வரைக்கும் கேட்டது. அவளுக்கும் குறட்டை உண்டு என்பது அவருக்கு இத்தனை வருஷம் தெரியாது. ராத்திரியில் அவர்தான் முதலில் தூங்கிவிடுவார்; முழித்துக் கிடந்த ராத்திரிகளிலும் ஃபேன் சத்தம்தான் கேட்டிருக்கும்.

களைப்புத்தான். ஆனால் அந்தக் களைப்புக்குள் ஒரு பெருமை இருந்தது. முறியப் பார்த்த ஒரு கல்யாணத்தைச் சேர்த்துவைத்தவர் அவர். அது அலமாரியில் எந்த ஹீரோவும் செய்யாத காரியம்.

ஒரு நாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜோதிமணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஜோதி, அந்த வைஷாலிப் புள்ள கல்யாணம் என்னாச்சு? பத்திரிகையே வரக் காணோம். முன்னால நின்னு சேத்து வெச்சது நானு. மொதப் பத்திரிகை நமக்கல்ல வரணும்?"

"எந்த வைஷாலிங்க? கௌரம்மா டீச்சர் பொண்ணுங்களா?"

"கௌரம்மாவா? உங்கூட வேலை பாத்த கௌரம்மாவா?"

"ஆமாங்க. நீங்க கடைய மூடறதுக்குத் திட்டம் போட்டிருக்கறீங்கன்னு பசவராஜ் அண்ணன் அன்னைக்கே சொவத்துக்கு இந்தப் பக்கம் வந்து சொல்லிப்போட்டாரு. நாந்தான் அந்தப் புள்ளையக் கூப்பிட்டு, போய்க் கொஞ்சம் உக்காந்து பேசு கண்ணுன்னேன்." ஒரு பூண்டுப் பல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "உங்க வாயில இருந்து ரெண்டு நல்ல வார்த்த வாங்கறதுக்கு எனக்கு ஒரு கடையே வெக்க வேண்டியதாப் போச்சு."

நஞ்சுண்டசாமிக்கு வாய் திறந்தபடி இருந்தது.

"அப்ப... அந்தக் கல்யாணம்?"

"அது போன தை மாசமே ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சத்திரத்துல ஆயிப்போச்சுங்களே" என்றாள் ஜோதிமணி. "நீங்களுந்தான் வந்திருந்தீங்க. மொதப் பந்தியிலயும் உக்காந்து, ரெண்டாம் பந்தியிலயும் உக்காந்து, ஒப்பட்டு சாப்பிட்டீங்க."